முதல் பைனோகுலர் வாங்கமுன் வாசியுங்கோ: பரவைக்கடல் பறவைகளைப் பார்க்க வெளிக்கிடுகிற ஆட்களுக்கு

தை மாத விடியல் ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் (ஆழமில்லாத கரையோரக் கடல்நீரேரி) ஓரம், அராலிக் கரையில் நின்று முக்கால் மணித்தியாலம் ஒரு பறவைக் கூட்டத்தைப் பார்த்தேன். கையில் 18,500 ரூபாய்க்கு முகநூல் விளம்பரம் பார்த்து வாங்கிய புதுப் பைனோகுலர். முன் லென்ஸ் இரண்டும் செம்பரத்தம்பூப் போலச் சிவப்பு. அதற்குள்ளால் பார்த்தால் பறவை எல்லாம் சாம்பலும் பாசிப் பச்சையுமாக நின்றன. கொக்கா, நாரையா, பூநாரையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீச்சுவலையோடு தண்ணிக்குள் இறங்கிய ஐயா ஒருவர் நின்று கேட்டார்: "என்ன தம்பி, கனநேரமாப் பாக்கிறீர்?"

"பூநாரையோ எண்டு பாக்கிறன் ஐயா. றோஸ் நிறம் தெரியேல்லை."

அவர் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு வடிவாத் தெரியுதே. உம்மட கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாரும்."

பைனோகுலரைக் கழற்றிவிட்டு வெறுங் கண்ணால் பார்த்தேன். றோஸ் நிறம்தான். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சிவப்பு போய்விட்டால் பூநாரையில் மிச்சமிருப்பது சாம்பல் நிறம் மட்டும். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பைனோகுலர் வாங்கினேன். மூன்றாவதுதான் இப்போதும் கழுத்தில் தொங்குகிறது. முதல் இரண்டுக்கும் போன காசு உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகமுன் தூரத்தை அளவுங்கோ

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெருப்பிக்கும்?" என்றுதான். அதற்கு முன் நீங்கள் பார்க்கப்போகிற பறவை எவ்வளவு எட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு கிழமை உங்கள் வழமையான இடங்களில் எட்டு எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் நூறு எட்டு ஏறத்தாழ 75 மீற்றர்.

என் கொப்பியில் இருப்பது இது: முற்றத்து வேம்பில் நிற்கும் குருவிகள் 8 முதல் 20 மீற்றர். வயல் வரம்பில் மைனா, கரிக்குருவி, கம்பியில் இருக்கும் மீன்கொத்தி 20 முதல் 60. வற்றிய சேற்றில் மேயும் உள்ளான்கள் 30 முதல் 100. பூநாரை மட்டும் 300 மீற்றருக்கு அங்கால். அதாவது பத்தில் எட்டுப் பறவை 100 மீற்றருக்குள்தான் நிற்கிறது. எட்டு மடங்கு பெருப்பித்தால் 80 மீற்றரில் நிற்கும் பவளக்காலி 10 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும். அதன் கால் சிவப்பா, பக்கத்தில் நிற்பதன் கால் பச்சையா என்று பிரித்துச் சொல்ல அது போதும்.

இந்த இடத்தில் கனடா மச்சானின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்படி ஒரு மச்சான் உங்களுக்கும் இருக்கலாம். அவர் அங்கே அனுமதிப்பத்திரத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர். "நான் துவக்கில பூட்டுற ஸ்கோப் ஒண்டு சும்மா கிடக்கு மச்சான், மூண்டில இருந்து ஒம்பது மடங்கு. கொண்டுவரட்டே?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லுங்கள். துவக்கு உதைக்கும்போது கண் அடிபடாமல் இருக்க, அந்தக் குழாயைக் கண்ணிலிருந்து ஒன்பது, பத்துச் சென்ரிமீற்றர் எட்ட வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியே செய்யப்பட்டது. துவக்கு இல்லாமல் கையில் பிடித்தால் படம் கண்ணுக்குள் நிற்காது. ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம். ஒன்பது மடங்கில் வைத்தால் 100 மீற்றரில் நாலு மீற்றர் அகலம்தான் தெரியும். நல்ல பைனோகுலரில் அதே தூரத்தில் 11 முதல் 14 மீற்றர் தெரியும். பறக்கிற பறவையை நாலு மீற்றர் வட்டத்துக்குள் தேடிப் பிடிக்க முடியாது. இதெல்லாம் போக, துவக்குச் சாமான் ஒன்றைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆசை யாருக்கு இருக்கிறது?

ஆனால் மச்சான் சொன்ன ஒரு விசயம் சரி. பற்றைக் காட்டுக்குள் கிட்டத்தில் மான் பார்க்கப் போகும்போது பெருப்பத்தைக் குறைத்து வைப்பாராம், கூட்டி வைத்தால் மரப்பட்டைதான் தெரியுமாம். எங்கள் வேம்புக்கும் அதே கணக்குத்தான்.

2. பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்

8×42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெருப்பிக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீற்றர். இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் கண்ணுக்குள் வரும் ஒளி வட்டத்தின் அளவு வரும். 42 ஐ 8 ஆல் பிரித்தால் 5.25 மில்லிமீற்றர். 10×42 என்றால் 4.2. சட்டைப்பைக்குள் போகும் 8×25 என்றால் 3.1.

வெயிலில் எங்கள் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடும். அப்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கடைக்காரர் மத்தியான வெயிலில் வாசலில் வைத்துக் காட்டுவார், சின்னதும் பெரிதும் ஒரே வெளிச்சமாகத் தெரியும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். விடியக்காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும்தான் 5.25 இன் அருமை தெரியும். பறவை பார்க்கிற நேரமும் அதுதான்.

ஏன் பத்து மடங்கு வேண்டாம் என்கிறேன்? என் இரண்டாவது பைனோகுலர் 10×50. கிட்டத்தட்ட 900 கிராம் பாரம். பறவைகள் வந்து நிறைகிற மார்கழி, தை, மாசியில்தான் எங்களுக்கு வாடைக்காற்று. பண்ணைத் தாம்போதியில் (கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவில்) காற்றுக்கு முகம் கொடுத்து நின்று அதைத் தூக்கிப் பார்த்தால், பறவை நிற்க என் கைதான் பறந்துகொண்டிருந்தது. பெருப்பம் கூடக் கூடக் கை ஆடுவதும் அதே மடங்கால் பெருப்பிக்கும். காலை ஒன்பதரைக்குப் பிறகு சேற்றுக்கு மேலே கானல் எழும்பத் தொடங்கும். அதற்குப் பிறகு மடங்கைக் கூட்டினால் நெளிகிற காற்றைத்தான் பெருப்பித்துப் பார்ப்பீர்கள்.

அதனால் என் தீர்ப்பு: முதல் பைனோகுலர் 8×42. பாரம் 550 முதல் 650 கிராமுக்குள். மெல்லிய கைக்காரர், பிள்ளைகள், பயணம் போகிறவர்கள் 8×32 எடுக்கலாம். பத்து மடங்கைப் பிறகு யோசியுங்கள். பூநாரையின் காலில் இருக்கும் வளைய எண்ணை வாசிக்க வேண்டும் என்ற அளவுக்குப் பைத்தியம் முற்றினால் அதற்கு வேறு சாமான் இருக்கிறது, முக்காலியில் வைத்துப் பார்க்கும் 20–60 மடங்குத் தொலைநோக்கி. அது இரண்டாம் வருடத்துக்குரிய செலவு.

10–30×50 போன்ற சூம் பைனோகுலர்களை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். மடங்கைக் கூட்டக் கூட இருண்டு, ஒடுங்கி, இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமாகிவிடும்.

3. கையில் எடுத்துப் பார்க்கும் ஐந்து நிமிடம்

கடையிலோ, ஊருக்கு வந்த உறவினரின் வீட்டு மேசையிலோ, பழையது விற்கிற ஒருவரின் வாசலிலோ, எங்கே என்றாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

முதலில் முன் லென்ஸைச் சரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய பச்சை, ஊதா, நீலம் கலந்த மினுக்கம் தெரிந்தால் நல்லது. வெள்ளைக் கடதாசிபோலப் பளீரென்று லைற் திருப்பித் தெரிந்தால் பூச்சு இல்லை. லென்ஸ் கண்ணாடி சிவப்பு என்றால் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பெட்டியில் எல்லா லென்ஸ் மேற்பரப்பிலும் பல படைப் பூச்சு இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "பூச்சு உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு கண்ணாடியில் ஒரு படை பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, கண்ணிலிருந்து ஒரு அடி எட்டப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் துளையைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பிரிசம் (முப்பட்டகம்) நல்ல கண்ணாடி. பெட்டியில் பக்-4 (BaK-4) என்று போட்டிருப்பார்கள். வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, சதுரம் மாதிரிச் சாம்பல் நிழல் விழுந்தால் மலிவுக் கண்ணாடி. என் முதல் பைனோகுலரில் இந்த வட்டம் ஓரம் கடித்த பப்படம் மாதிரி இருந்தது. அப்போது அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

மூன்றாவது, எட்டத்தில் இருக்கும் தொலைபேசிக் கோபுரத்தையோ லைற் கம்பத்தையோ ஒரு நிமிடம் முழுக்கப் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிகிறதா? ஒன்றாகத் தெரிந்தாலும் கண் இழுத்துப் பிடித்துச் சேர்க்கிற மாதிரி ஒரு நோவு வருகிறதா? இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டதை வீட்டில் வைத்துத் திருத்த முடியாது. அரை மணித்தியாலம் பார்த்தால் தலையிடி நிச்சயம். ஒரு முறை கீழே விழுந்த பைனோகுலரில் இது கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள்.

பிறகு கடையின் இருட்டு மூலையைப் பாருங்கள், அலமாரிக்குக் கீழே இருக்கும் பெட்டியின் எழுத்து வாசிக்க முடிகிறதா என்று. படத்தைத் தெளிவாக்கும் நடுச் சில்லைத் திருப்பிப் பாருங்கள். இறுக்கமும் கூடாது, தளதள என்றும் ஆடக்கூடாது. காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் கிலுங்கக்கூடாது. உங்கள் சப்பாத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு, மூன்று மீற்றருக்குள் தெளிவாகத் தெரிந்தால் முற்றத்துத் தேன்சிட்டையும் வண்ணாத்திப்பூச்சியையும் பார்க்கலாம். சில பெரிய பைனோகுலர்களுக்கு ஆறு, ஏழு மீற்றருக்குக் கிட்டக் குருட்டுத்தனம்.

பழையது என்றால் இன்னொன்று கூட. போன் லைற்றை முன் லென்ஸுக்குள் அடித்துப் பின்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சணம். துடைத்தால் போகாது, உள்ளே பிடித்தது.

4. கண்ணாடி போடுகிறவர்களுக்கு

மூக்குக் கண்ணாடியோடு பார்க்கிறவர்கள் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் வைக்கக்கூடிய தூரம் 16 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் வட்டத்தின் நடு மட்டும் சாவித் துவாரம் மாதிரித் தெரியும். கண் வைக்கும் றபர் வளையத்தைக் கண்ணாடிக்காரர் உள்ளே திருகி வைக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே இழுத்து வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் "எனக்குப் பைனோகுலர் ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டு திரிகிற இரண்டு ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

5. காசு

ஒரு அமெரிக்க டொலர் 300 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்க்கிறேன். நீங்கள் வாங்குகிற அன்று வங்கியின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கீழே சொல்வது எல்லாம் நான் பார்த்தபோது இருந்த வெளிநாட்டுக் கடை விலை, ஏறத்தாழ.

100 டொலருக்குக் கீழே, பழைய பாணியில் தோள் அகன்ற பைனோகுலர்களில்தான் காசுக்குத் தகுந்த படம் கிடைக்கும். நிக்கோனின் அக்குலொன் 8×42 அந்த ரகம். படம் நல்லது. ஆனால் தண்ணி புகும், பாரமும் பருமனும் கூட. கரையோரம் பாவிக்க எனக்குப் பயம்.

150 டொலர் அளவில், அதாவது 45,000 ரூபாய்க்குக் கிட்ட, நேர்க் குழாய் வடிவத்தில் தண்ணி புகாதவை தொடங்குகின்றன. நிக்கோன் புரோஸ்ராப் பி3, செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் இரண்டும் இந்த இடத்தில் இருப்பவை. முதல் தடவை வாங்குகிற ஒருவருக்கு நான் கை காட்டுவது இங்கேதான்.

230 முதல் 300 டொலர் வரை போக வசதி இருந்தால் வோர்டெக்ஸ் டயமண்ட்பாக் எச்டி, நிக்கோன் மொனார்க் எம்5. விடியல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். என் மூன்றாவது இந்த வகுப்பில் ஒன்று. அதற்கு மேலே ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் டொலருக்குச் சைஸ், லைக்கா, சுவரொவ்ஸ்கி என்று இருக்கின்றன. தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த ஒருவரின் சுவரொவ்ஸ்கியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்த்தேன். பார்க்காமலே விட்டிருக்கலாம்.

பொறி ஒன்று. சந்தையிலும் இணையத்திலும் "கனோன் 70×70", "60×60 இரவுக் கண்ணாடி" என்று ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு வரும். கனோன் கொம்பனி செய்வது கை ஆட்டத்தைத் தணிக்கும் விலை கூடிய பைனோகுலர்கள். 70×70 என்று அவர்களிடம் ஒரு சாமானும் இல்லை. எண் பெருத்து விலை சிறுத்திருந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் விடுங்கள்.

6. எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது, என்ன கடதாசி வேண்டும்

யாழ்ப்பாணக் கமராக் கடைகளில் நான் போய்ப் பார்த்தபோது ஒன்றிரண்டு கிடந்தன, பெரும்பாலும் சின்னது அல்லது சூம். கொழும்பில் கேட்டால் கூடுதலான தெரிவு உண்டு. மற்றப்படி மூன்று வழி.

ஆள்மூலம் எடுப்பித்தல்தான் சுகம். எங்கள் ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி, ஆவணியில் வருவார்கள். அவர்கள் வெளிக்கிடுகிறதுக்கு ஒரு மாதம் முன்னமே, வைகாசி கடைசியிலோ ஆனியிலோ மாதிரியின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுத்தில் அனுப்புங்கள். "நல்ல பைனோகுலர் ஒண்டு" என்று மட்டும் சொன்னால் 12×25 தான் வந்து சேரும், எனக்குத் தெரியும். வந்தவுடன் ஆவணியிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். பிழை என்றால் அவர்கள் திரும்பிப் போகும்போது கொண்டுபோய் மாற்றலாம். பறவைகள் புரட்டாசி கடைசியிலிருந்து இறங்கத் தொடங்கும். அதற்குள் கையும் கண்ணும் பழகிவிடும். மார்கழியில் வருகிறவர் கொண்டுவந்தால் பாதிப் பருவம் போய்விடும்.

கொண்டுவருகிறவரிடம் இரண்டு விசயம் சொல்லுங்கள். கையில் கொண்டுவரும் பையில் வைக்க வேண்டும், விமான நிலையத்தில் தூக்கி எறிகிற பெட்டிக்குள் வைத்தால் குழாய் விலகிவிடும். பற்றுச்சீட்டும் கையோடு இருக்க வேண்டும். வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பெறுமதிக்கு எல்லை இருக்கிறது, வெளிநாட்டில் நின்ற காலத்தைப் பொறுத்து அது மாறும். ஏற்கெனவே ரிவியும் போனும் கொண்டுவருகிறவரின் தலையில் இதையும் கட்டாதீர்கள்.

தபாலில் எடுப்பிப்பது இரண்டாவது வழி. பொதி சுங்கத்துக்குள்ளால்தான் வரும். விலைச்சீட்டு, உங்கள் அடையாள அட்டைப் பிரதி, காசு கட்டிய சான்று மூன்றையும் முன்கூட்டியே போனில் எடுத்து வையுங்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி மட்டும் 18 வீதம். அது சாமான் விலையில் மட்டும் கணக்கிடப்படுவதில்லை, அனுப்பும் கூலியும் மற்ற வரியும் சேர்த்த தொகையில் கணக்கிடுவார்கள். "அன்பளிப்பு, 20 டொலர்" என்று பெட்டியில் எழுதி அனுப்புகிற சித்தப்பாமார் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதிகாரிகள் தாங்களே விலை போடுவார்கள், பொதியும் கிழமைக்கணக்கில் கிடக்கும். உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சென்னை. பலாலி விமானத்தில் போய்வருகிறவர்கள் இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கடையில் நின்று 3ஆம் பகுதியில் சொன்ன சோதனையைச் செய்து எடுக்கக்கூடிய ஆளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

எந்த வழியால் வந்தாலும் பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணும் தொடரெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைனோகுலர்களின் கீழ்ப்பக்கத்தில் அதே தொடரெண் பொறித்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, சில கொம்பனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான். வோர்டெக்ஸ் தன் பைனோகுலர்களுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்காமல், யார் கையில் இருந்தாலும், காலம் முழுக்கத் திருத்தித் தருகிறது. ஆனாலும் இங்கேயிருந்து அனுப்பிவைக்கும் கூலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. வந்த அன்றே கண்ணுக்குப் பொருத்துங்கோ

இரண்டு குழாயையும் மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் எட்டத்தில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச் சில்லால் தெளிவாக்குங்கள். இப்போது இடது லென்ஸை மூடி, வலது கண்ணால் அதே எழுத்தைப் பாருங்கள். நடுச் சில்லைத் தொடக்கூடாது. வலது கண் பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். வீட்டில் ஆர் எடுத்துப் பார்த்தாலும் அதைத் திருப்பிவிட்டுத்தான் வைப்பார்கள்.

பறவையைக் கண்டால் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனோகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனோகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருக்காது. சூரியன் இருக்கிற பக்கம் திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும் கண் கருக. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

8. முதல் வெளிக்கிடல்: நேரம், இடம், அடையாள அட்டை

முதல் நாளுக்கு மண்டைதீவுப் பக்கம், அராலி, பொன்னாலைத் தாம்போதி, நாவற்குழி, வல்லை வெளி என்று வீட்டுக்குக் கிட்ட எது இருக்கிறதோ அது போதும். ஆறு மணிக்கு நிற்கிற மாதிரிப் போய் ஒன்பதுக்குத் திரும்புங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கைப் பாருங்கள், பின்னேரம் மறுபக்கம். சூரியனுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான், எவ்வளவு விலைக் கண்ணாடி என்றாலும்.

சுண்டிக்குளத்துக்குப் போகிறவர்கள் முழு நாளையும் ஒதுக்குங்கள். அது 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்காக்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. உள்ளூர் ஆளுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடப் பலமடங்கு கட்டணம் என்பது அவர்களின் பொதுவான நடைமுறை. கனடா மச்சானைக் கூட்டிப்போகிறவர்கள் முன்னமே சொல்லிவையுங்கள், வாசலில் நின்று சண்டைபிடிக்காமல்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய பொறி. பரவைக்கடல் ஓரம் முகாம்கள் இருக்கின்றன. பைனோகுலர் வைத்திருப்பதில் பிழை இல்லை, எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதில்தான் கரைச்சல். எனக்கு ஒரு முறை நடந்தது. ஒரு தாம்போதியில் நின்று ஆலாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பறந்த திசையில் ஒரு காவற்கோபுரம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு பேர் சைக்கிளில் வந்து பதினைந்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். அன்று எனக்குக் கைகொடுத்தது கொப்பிதான். நாள், நேரம், "நெடுங்கால் உள்ளான் 14, பச்சைக்காலி 3, செம்பருந்து 1" என்று மூன்று மாதமாக எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் செம்பருந்தைத் தனக்கும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

ஆகவே தேசிய அடையாள அட்டையும் எழுதிய கொப்பியும் எப்போதும் கையோடு இருக்கட்டும். முகாம், கோபுரம், துறைமுகம் தெரியும் பக்கம் கண்ணாடியைத் தூக்க வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். யாராவது வந்தால் பைனோகுலரை ஒளிக்காமல் கழுத்திலேயே விட்டுவிட்டுக் கதையுங்கள். தனியாகப் போவதிலும் இருவராகப் போவது நல்லது. பெண்கள் குழுவாக வந்து பார்ப்பதையும் இப்போது வல்லை வெளியில் காண்கிறேன். முந்தி அப்படிக் கண்டதில்லை.

9. உப்பும் பூஞ்சணமும்

தண்ணி புகாத பைனோகுலரின் உள்ளே நைதரசன் அல்லது ஆகன் வாயு நிரப்பி அடைத்திருப்பார்கள், அதனால் உள்ளே ஆவி பிடிக்காது. வெளியே உப்புப் படிவதை அது தடுக்காது. கடற்காற்றில் இரண்டு மணித்தியாலம் நின்றால் லென்ஸில் மெல்லிய உப்புப் படலம் இருக்கும். சாரத்தின் நுனியாலோ சட்டையாலோ தேய்த்தால் உப்பு மணல்தாள் மாதிரிப் பூச்சைக் கீறிவிடும். என் மூன்றாவதில் வலது லென்ஸில் இருக்கும் கீறல் அப்படி வந்ததுதான். முதலில் ஊதிப் பம்பால் தூசியைப் பறக்க விடுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, அதற்குப் பிறகுதான் லென்ஸ் துணி, அதுவும் லேசாக ஈரப்படுத்தி. உடம்புப் பக்கத்தை நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டி வைக்கக்கூடாது, உடுப்புக்கே பூஞ்சணம் பிடிக்கிற காலம். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் நீல நிறச் சிலிக்கா ஜெல் ஒரு பிடியைத் துணியில் முடிந்து வைத்து, அதற்குள் மூடுங்கள். கூடவே வரும் தோல் உறையை உள்ளே வைக்க வேண்டாம், ஈரத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருக்கால் திறந்து பாருங்கள். நீல மணி றோஸாக மாறியிருந்தால் ஈரம் குடித்து முடித்துவிட்டது. மெல்லிய நெருப்பில் தாச்சியில் போட்டுச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். நீலம் கொடுக்கும் உப்பு நஞ்சு. பழைய தாச்சி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள், குசினிப் பக்கம் அதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.